கடல் தெரிய வேண்டும், வரக் கூடாது

தரை கெட்டியாக இருக்க வேண்டும், நிழல் இருக்க வேண்டும், கடல் தெரிய வேண்டும், கடல் வரக் கூடாது. கேரவன் நிறுத்தவும் கூடாரம் போடவும் இடம் தேடுகிற தொழிலின் மொத்தச் சூத்திரமும் இதுதான். இதில் கடைசி விஷயத்தைப் பற்றி ஒருவர் எனக்குச் சொன்ன கதையைப் பல வருடங்களாகச் சந்தேகப்பட்டு வருகிறேன். சந்தேகப்பட்டுக்கொண்டே அவர் இடத்துக்குக் குடும்பம் குடும்பமாக ஆட்களை அனுப்பியும் வருகிறேன். இது என்ன மாதிரிப் புத்தி என்று எனக்கே பிடிபடவில்லை.

எங்கள் முதலாளி சுந்தரத்துக்குத் தஞ்சாவூரில் ஒரு சிறிய சுற்றுலா நிறுவனம். இரண்டு கேரவன்கள் வைத்திருக்கிறார். உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. ஓட்டுநர் நாகூர்க்காரர், பஷீர் பாய். தரங்கம்பாடியிலிருந்து வேதாரண்யம் வரை கடலோரமாக அலைந்து, அந்த வண்டிகள் ஓரிரு நாள் நிற்க இடம் பிடித்துக் கொடுப்பது என் வேலை. விடுமுறைக்குக் குடும்பத்தைக் கூட்டிப் போய், "இதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தமா?" என்று பேச்சு வாங்கியவர்கள் யாராவது இருந்தால், வாருங்கள், நானும் உங்கள் கட்சிதான்.

கடைமடை மைதானம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வைகாசி மாதம், வேளாங்கண்ணிக்குத் தெற்கே அருமையான மைதானம் ஒன்றைப் பார்த்தேன். உளுந்து எடுத்த வயல். காய்ந்து சிமெண்ட் போட்டது போலக் கிடந்தது. ஓரத்தில் பனைமரங்கள், எதிரே கடல் காற்று. நான் நெல் விளைகிற ஊரில் பிறந்தவன்தான். வயல் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த ஊரில் பார்த்தவர்கள் எல்லோரும், கடைமடைக்கு எங்கே சார் தண்ணி வருது, மேட்டூர்ல திறந்தா திருவாரூரோட சரி என்று அலுத்துக்கொண்டார்கள். அதை அப்படியே நம்பினேன். படம் எடுத்து அனுப்பினேன். காலாண்டு விடுமுறைக்குச் சென்னைக் குடும்பம் ஒன்று முன்பதிவு செய்தது.

அந்த வருடம் தண்ணீர் வந்தது. புரட்டாசியில் வண்டியோடு போய் நின்றால், நான் படம் எடுத்த மைதானம் முழுக்கக் கணுக்கால் அளவு சேறு, பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். ஊரே சந்தோஷமாக இருந்தது, என்னைத் தவிர. சென்னைக்காரர் கைபேசியில் இருந்த படத்தையும் வயலையும் மாறி மாறிப் பார்த்தார். கரையில் நின்ற எங்கள் பெரிய வண்டியை நிமிர்ந்து பார்த்த ஒரு பெண், முதுகைப் பிடித்துக்கொண்டே பஷீர் பாயிடம் சொன்னார்: "வந்ததுதான் வந்தீங்க, அப்படியே உள்ள எறக்கி ஒரு சால் ஓட்டிட்டுப் போங்க."

கதாநாயகன் இறங்கிய காலை

நம் ஊரில் கேரவன் என்றால் சினிமா வண்டி. நடிகர் ஓய்வெடுக்கிற வண்டி. இதை நான் மறந்துவிட்டு, தரங்கம்பாடிப் பக்கம் ஒரு மீனவக் கிராமத்தில் ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கேட்டு வண்டியை நிறுத்தினேன். உள்ளே இருந்தவர்கள் திருச்சியில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும். விடிந்ததும் பார்த்தால் வண்டியைச் சுற்றி ஊர். வலை பின்னுகிறவர்கள் வலையை எடுத்துக்கொண்டே வந்துவிட்டார்கள். பஷீர் பாய் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரு உள்ள இருக்கா என்று கேட்டவர்களிடம், சொல்லக் கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

கதவு திறந்தது. லுங்கியும் தோளில் துண்டும் வாயில் பல்துலக்கியுமாக மேலாளர் இறங்கினார். கூட்டம் அவரை மேலும் கீழும் பார்த்தது. பிறகு மீன் கூடையோடு நின்ற ஓர் அம்மாள் தீர்ப்புச் சொன்னார், இவர் கதாநாயகன் இல்லை, அப்பா வேஷம் என்று. யாரும் மறுக்கவில்லை. இரண்டு சிறுவர்கள் அப்பா வேஷத்தோடு படம்கூட எடுத்துக்கொண்டார்கள். மேலாளர் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு மறுபடி இறங்கினார். மத்தியானம் அவர் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்: "காலையிலேர்ந்து கண்ணாடிய விட்டு நகர மாட்டேங்கறாரு. வேற ஊருக்கு வண்டிய ஓட்டச் சொல்லுங்க."

சவுக்குத் தோப்பு

நான் சந்தேகப்படுகிற கதை இந்தத் தோப்பில்தான் இருக்கிறது. வேதாரண்யத்துக்கு வடக்கே, கடலை ஒட்டி ஒரு மணல் மேடு. மேட்டுக்கு இந்தப் பக்கம் சவுக்குத் தோப்பு, நடுவில் நல்ல தண்ணீர்க் கிணறு. தரை கெட்டி, நிழல் உண்டு, மேட்டில் ஏறினால் கடல். தோப்பு ராஜமாணிக்கம் அண்ணனுடையது. என்னைவிடப் பத்து வயது பெரியவர், உள்ளே தள்ளி நெல் வயலும் உண்டு, மகன்கள் சிங்கப்பூரில். முதல் நாளே எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டு, நான் கேட்காமலே சொன்னார்: சுனாமி வந்த அந்தக் காலையில்கூடக் கடல் இந்த மேட்டைத் தாண்டவில்லை, தோப்புக்குள் ஒரு சொட்டு வரவில்லை, ஒரு மரம் சாயவில்லை.

முதலாளிக்குச் சொன்னேன். அவருக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. எனக்குத்தான் வண்டியில் திரும்பி வரும்போதே அரிக்க ஆரம்பித்தது. சவுக்கை நாலைந்து வருடத்துக்கு ஒரு தரம் வெட்டிவிட்டு மறுபடி நடுவார்கள். சாயாத மரம் என்று அவர் காட்டிய மரம் எதுவும் அன்றைக்கு முளைத்திருக்கவே முடியாது. பிறகு ஒரு முறை, அன்று மேட்டில் நின்று தானே பார்த்ததாகச் சொன்னார். இன்னொரு முறை, அன்று சொந்தக்காரர் வீட்டுத் துக்கத்துக்கு மன்னார்குடி போயிருந்ததாகச் சொன்னார். அக்கம்பக்கத்தில் விசாரித்தால், அது மேட்டு எடம்தான் சார் என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்க்கிறார்கள். அதற்கு மேல் எப்படிக் கேட்பது? அந்தக் கரையில் அன்று ஆளைப் பறிகொடுக்காத தெரு இல்லை. அந்த நாளைப் பற்றி ஒருவர் சொல்வதை, நிஜமாகவா என்று குறுக்கு விசாரணை செய்ய எனக்கு வாய் வரவில்லை. மழை மாதங்களில் மட்டும் தோப்பு வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லி ஒத்துக்கொள்ள வைத்தேன். ஐப்பசி பிறந்தால் தோப்பை மூடிவிடுவோம். அண்ணனுக்கு அதில் வருத்தம். "கடலுக்குத் தெரியும் தம்பி, எது யாரு எடம்னு" என்றார்.

நெல்லுக்கு நடுவே

ஒரு மாசி மாதம், பிடித்து வைத்த இடம் கடைசி நேரத்தில் கைவிட்டுப் போக, ஒரு கிராமத்துக் களத்தில் வண்டியை நிறுத்தக் கேட்டேன். பொதுக் களம், நல்ல சிமெண்ட் தரை, கேரவனுக்கென்றே கட்டியது போல இருந்தது. தாராளமா நிறுத்துங்க என்றார்கள். உள்ளே பெங்களூரிலிருந்து வந்த இளம் தம்பதி. அவர்கள் எழுந்து பார்த்தபோது வண்டியின் நான்கு பக்கமும் நெல். அதிகாலையில் மழைத் தூறல் விழுந்திருக்கிறது, சாலையோரம் காயப் போட்டிருந்த அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்து களத்தில் பரப்பிவிட்டார்கள். ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

அந்தப் பெண் நெல்லைச் செருப்புக் காலால் மிதிக்க மாட்டேன் என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கணவருக்கு அன்று அலுவலகக் கூட்டம். மடிக்கணினியை வைத்துக்கொண்டு அவரும் படியில் உட்கார்ந்தார். பின்னால் பெண்கள் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு போனதை, அவர் அலுவலகத்தில் எல்லோரும் திரையில் ஒட்டிய படம் என்றே நினைத்திருக்கிறார்கள், ஒரு கோழி அவர் தோள் மேல் ஏறுகிற வரைக்கும். அடுத்த ஊரில் மத்தியானச் சாப்பாடு சொல்லியிருக்கிறோமே, வண்டியை எடுக்க என்ன வழி என்று களத்துக் காவலில் இருந்த பெரியவரைக் கேட்டேன். அவர் பீடியை அணைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நெல்லு காஞ்சா வண்டி தன்னால வெளிய வந்துரும். பேசாம படுங்க சார்."

சத்தம்

தோப்புக்குப் போனவர்கள் யாரும் அதைக் குறை சொன்னதில்லை, ஒருவரைத் தவிர. தஞ்சாவூரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், குடும்பத்தோடு கூடாரத்தில் தங்கினார். பிள்ளைகள் மணல் மேட்டில் பலகை வைத்துச் சறுக்கி விளையாடினார்கள். அவர் மனைவி, கல்யாணமான பிறகு இப்படித் தூங்கியதே இல்லை என்றார். கடைக்காரர் மட்டும் காலையில் கண் சிவக்க என்னிடம் வந்து, அலைச் சத்தத்தைப் பத்து மணிக்கு மேல் கொஞ்சம் குறைத்துவைக்க முடியாதா என்று கேட்டார். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது.

நான் சிரித்தேன், ஆனால் என் கதையும் அதுதான். தோப்பில் ஆட்கள் இருக்கிற நாட்களில் தஞ்சாவூரில் என் வீட்டில் படுத்திருந்தாலும் எனக்குத் தூக்கம் கெட்டுவிடும். சித்திரையில் ஒரு இடி இடித்தால்கூட பஷீர் பாயைக் கூப்பிடுவேன். அலை எப்படி இருக்கிறது, காற்று எந்தப் பக்கம், வண்டி சட்டென்று கிளம்பத் தோதாக மேற்குப் பார்த்து நிற்கிறதா என்று கேட்பேன். மனிதர் பொறுமையாகப் பதில் சொல்வார். ஒரு நாள் பொறுமை தீர்ந்துபோய்ச் சொன்னார்: "சார், கடல் இருக்குற எடத்துலதான் இருக்கு. நீங்க இருக்குற எடத்துல கொஞ்சம் இருங்க."

புது வீடு

இந்த வருடம் முதலாளி ஒரு முடிவோடு வந்தார். தோப்பில் சிமெண்ட் தளம் போட்டு, குளியலறை கட்டி, வருடம் முழுவதும் நடத்த வேண்டும். அரையாண்டு விடுமுறைக்கு இப்போதே ஆள் கேட்கிறார்கள், ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எதுவும் இனி மூட வேண்டாம். "எடம் பாத்தது நீங்க. நீங்க சரின்னா சரி, வேண்டாம்னா விட்டுர்றேன்" என்று என் தலையில் வைத்தார். எங்கள் நிறுவனத்துக்கு இருக்கிற ஒரே நல்ல இடம் அது. வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரு சந்தேகத்தைத் தவிர எதுவும் இல்லை. சரி என்று சொல்லிவிட்டு, புயல் மாதத்தில் பிள்ளைகளை அங்கே படுக்க வைத்துவிட்டு, நான் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பேன் என்பதும் தெரியவில்லை.

அந்த வாரமே ராஜமாணிக்கம் அண்ணனின் புதுமனைப் புகுவிழா. அதுவரை வேதாரண்யத்தில் தம்பிகளோடு பொது வீட்டில் இருந்தவர், இப்போது தனியாகக் கட்டியிருந்தார். பத்திரிகையில் இருந்த வழியைப் பிடித்து நானும் பஷீர் பாயும் போனோம். கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டி மேற்கே திரும்பி, வயல்களுக்கு நடுவே போய்க்கொண்டே இருந்தோம். பஷீர் பாய் இரண்டு தரம் வண்டியை நிறுத்தி வழி கேட்டார். வீடு நன்றாக இருந்தது. படி ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. அடித்தளத்துக்கு மட்டும் எத்தனை லோடு மண் அடித்தது என்று மேஸ்திரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்கு அண்ணன் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். இலையில் பாயசம் விழுகிற நேரத்தில், உங்க முதலாளி எங்கிட்ட பேசினாரு தம்பி, தளம் எப்ப போடுறீங்க, இன்னும் என்ன யோசனை என்று கேட்டார். முகத்தில் கள்ளம் எதுவும் தெரியவில்லை, வீடு கட்டி முடித்த மனிதனின் சந்தோஷம்தான் தெரிந்தது. சுனாமி நாளைப் பற்றி எனக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. மண்ணைக் கிளறியும் காற்றைப் பார்த்தும் ஊர் ஊராக விசாரித்தும் இடம் தேடுவதையே தொழிலாகக் கொண்ட நான், இத்தனை வருடம் கழித்து, கையில் பாயசத்தோடு கேட்டது இவ்வளவுதான்: "அண்ணே, தோப்பு அவ்வளவு நல்ல எடமா இருக்கும்போது, வீட்ட ஏன் இங்க வந்து கட்டுனீங்க?"