பவளத் தொட்டிக்கு மூன்றாம் மருந்து

சண்டையால் யாழ்ப்பாணத்துக்கான பாதை மூடப்பட்ட அந்த வருடம், கண்டியில் எங்கள் வீட்டு முன்னறையில் நான்கடி நீளமான கடல்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. நான் அரச அலுவலகம் ஒன்றில் பொறியியலாளன். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில், வேலைக்கு வந்த புதிதில், நான் இருந்த வாடகை அறையை எரித்தார்கள். கூட வேலை செய்த சிங்களவர் ஒருவரின் குசினியில் நான்கு நாள் ஒளிந்திருந்தேன். அதன் பிறகு சங்கம், கோயில் சபை எதற்கும் பெயர் கொடுக்கவில்லை. மீன் வளர்க்கிறவனை ஒருவரும் தேடி வரமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

தொட்டியில் மான்கொம்பு மாதிரிக் கிளைவிட்ட பவளங்கள் இருந்தன. நீர்கொழும்பில் ஒருவரிடம், எங்கிருந்து வந்தவை என்று கேட்காமல் வாங்கியவை. அந்த ஆவணியில் அவற்றின் நீலம் மங்கத் தொடங்கியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் கண்டேன்: மஞ்சள் உடலில் சிவப்புப் பொட்டு வைத்த பூச்சிகள், ஊசிமுனையைவிடச் சிறியவை, கிளையெல்லாம் ஊர்ந்தன. இறால் சாதிதான். நாய்களின் இதயப் புழுவுக்குக் கொடுக்கும் மாத்திரையைப் பொடித்துக் கரைத்தால் சாகும் என்று இணையத்தில் எழுதியிருந்தார்கள். ஆனால் முட்டைகள் சாகா. அதனால் வாரத்துக்கு ஒரு தடவையாக மூன்று தடவை ஊற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் நல்ல இறால்களையும் நண்டுகளையும் முதலில் பிடித்து வாளியில் விட வேண்டும். ஆறு மணி நேரம் கழித்துத் தண்ணீரை மாற்ற வேண்டும்.

முதல் ஞாயிறு ஊற்றினேன். செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து தொலைபேசி வந்தது. என் மனைவியின் அப்பா அங்கே தனியாக இருந்தார். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

அப்போது யாழ்ப்பாணம் போக விமானமோ கப்பலோதான். அதற்குக் கொழும்பில் பாதுகாப்பு அனுமதி எடுக்க வேண்டும். மனைவி தனியாகப் போய் வரிசையில் நிற்கப் பயப்பட்டாள். என்னை லீவு போட்டுக் கூட வரச் சொன்னாள். ஒரு நாளில் முடியாது, இரண்டு மூன்று நாளாகும் என்று விசாரித்தும் வைத்திருந்தாள்.

மருந்து ஊற்றிய தொட்டியை விட்டுவிட்டுப் போக ஏலாது, மூன்றாவது தடவையும் முடியட்டும் என்றேன்.

அவள் கேட்டாள்: "அப்ப, உங்கட பூச்சி செத்தாப் பிறகுதான் அப்பாவைப் பாக்கலாமோ?"

"இன்னும் ரெண்டு கிழமைதானே. அதுக்குள்ள ஒண்டும் நடக்காது."

இன்று எழுதும்போது மறைக்க ஒன்றுமில்லை. இடையில் திங்கள் முதல் வெள்ளிவரை தொட்டிக்கு என்னால் ஆகவேண்டியது எதுவும் இருக்கவில்லை. எனக்குப் பயம். அந்த வரிசையில் அடையாள அட்டையை நீட்டி, எந்த ஊர், யாரைப் பார்க்கப் போகிறாய், உன் ஆட்கள் எங்கே என்ற கேள்விகளுக்கு நின்று பதில் சொல்லப் பயம். அதை அவளிடம் சொல்லியிருந்தால் திட்டியிருப்பாள், பிறகு தனியாகவாவது கொழும்புக்கு ரயில் ஏறியிருப்பாள். நான் பூச்சியைச் சொன்னேன்.

இரண்டாம் ஞாயிறும் போனது. அவள் ஒவ்வொரு நாளும் ஊருக்குத் தொலைபேசி எடுத்துப் பார்த்தாள். அநேகமாக லைன் கிடைப்பதில்லை.

மூன்றாம் ஞாயிறு காலை எட்டு மணிக்கு மருந்தை ஊற்றினேன். இரண்டு மணிக்குக் குழாய் போட்டுப் பழைய தண்ணீரை வாளியில் இறக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அவள் எடுத்தாள். அதிகம் பேசவில்லை. "ஓம்... ஓம்..." என்றது மட்டும் கேட்டது. பிறகு வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா போயிட்டார். விடியவே போயிட்டாராம்."

என் கையில் குழாய் இருந்தது. அதைக் கீழே போட்டிருக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் மருந்து நின்றால் தொட்டியில் மற்றதும் சாகும் என்ற நினைப்புத்தான் வந்தது. "கொஞ்சம் இருங்கோ, இதை முடிச்சிட்டு வாறன்" என்றேன். பாதித் தண்ணீரை எடுத்து, புதிதாகக் கரைத்து வைத்திருந்த உப்பு நீரை ஊற்றி, வாளியிலிருந்த இறால்களைத் திருப்பி விட்டு முடிய முக்கால் மணி நேரமாயிற்று. அவள் அழாமல் கதிரையில் இருந்து அத்தனையையும் பார்த்தாள்.

அடுத்த நாள் கொழும்புக்குப் போகலாம் என்றேன். அதற்குள் எரித்துவிடுவார்கள் என்றாள். எரித்துவிட்டார்கள். கொள்ளி வைத்தது பக்கத்து வீட்டுக்காரரின் மகன்.

பூச்சி முழுதாக ஒழிந்தது. இரண்டு மாதத்தில் பவளங்கள் பழையபடி நீலமாயின. அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் தொட்டியின் முன் நின்று வியந்தார். தேநீர் கொண்டுவந்த என் மனைவி அவருக்குச் சிரித்த முகத்தோடு விளக்கினாள்: "இவர் மூண்டு கிழமை ஒரு இடமும் போகாமல் நிண்டு காப்பாத்தினவர்." வந்தவர் என்னைப் பாராட்டினார்.

சண்டை முடிந்து பாதை திறந்ததும் அவள் ஊருக்குப் புறப்பட்டாள். நானும் வருகிறேன் என்று இரண்டு தடவை சொன்னேன். "நீங்கள் ஏன்? இனி அங்க ஆர் இருக்கினம்?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியைப் பூட்டினாள். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். அந்த ஒரு மாதத்தில் என்ன பார்த்தாள், எங்கே இருந்து அழுதாள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை.