முந்திக்கொண்ட சிரிப்பு

கம்பம் ஊரில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் இம்மானுவேலுக்கு வாய்தான் இன்னொரு தொழில். கோயில் திருவிழாவானாலும் சர்ச் ஆண்டு விழாவானாலும் மேடையேறினால் சனத்தைச் சிரிக்க வைக்காமல் இறங்க மாட்டார். கபடிப் போட்டிகளில் மைக் பிடிக்கும் விஜய்பாண்டி அவருக்கு ஜோடி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இருவரும் கடை மாடியில் உட்கார்ந்து, சினிமா, சடங்கு, விளையாட்டு, சிரிக்க வைப்பவன் படும் பாடு என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசி யூடியூபில் போடுவார்கள்.

"அண்ணே, கபடிக்கும் காமெடிக்கும் என்ன வித்தியாசம்?" என்று ஒருநாள் விஜய்பாண்டி கேட்டான்.

"கபடியில நீ மூச்சு விட்டா நீ அவுட்டு. இங்கன சனம் பெருமூச்சு விட்டா நாம அவுட்டு."

அந்தப் பேச்சு வெளிவந்ததும் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: 'கூட உட்கார்ந்து சிரிக்கிற அக்கா யாரு?' அடுத்தடுத்துப் பலரும் அதையே கேட்டார்கள். மாடியில் இருந்ததோ இவர்கள் இருவர் மட்டும்தான்.

ஹெட்போனை மாட்டிக் கேட்டார் இம்மானுவேல். பெண் சிரிப்பு. குலுங்கிக் குலுங்கி எழுந்து, கடைசியில் ஓர் இருமலில் போய் முடிந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் 'இங்கன' என்று அவர் வாய் திறக்கும் முன்பே சிரிப்பு தொடங்கியிருந்தது. அந்தப் பதிலோ அந்த நொடியில்தான் அவர் வாயில் வந்தது.

"நீங்க இன்னும் சொல்லவே இல்லையேண்ணே. அதுக்குள்ள யாரு சிரிக்கிறாக?" என்றான் விஜய்பாண்டி.

மின்விசிறியை நிறுத்தினார்கள். ஜன்னலை அடைத்தார்கள். மைக்கை மாற்றினார்கள். அடுத்த வாரம் கூடலூர்ப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசினார்கள். அதிலும் சிரிப்பு இருந்தது. இருவருக்கும் நடுவில் ஒருத்தி உட்கார்ந்திருப்பது போல அவ்வளவு பக்கத்தில் கேட்டது.

அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு கம்பெனிப் பெண் கூப்பிட்டாள். "மூணு பேரோடயும் ஒப்பந்தம் போட்டுக்கறோம் சார். அந்தம்மா சிரிப்புதான் ஷோவுக்கே உயிர். அவங்க பேரு என்ன?"

தெரியாது என்று சொல்லத்தான் இம்மானுவேல் வாய் திறந்தார். "சோணையம்மா" என்று வந்தது. சொன்ன பிறகுதான் அந்த இருமல் யாருடையது என்று அவருக்கே உறைத்தது.

கோம்பை ஊர்க்காரர். அவர் மேடை எங்கே போட்டாலும் முன்வரிசையில் வந்து உட்காருவார். சில வருஷங்களுக்கு முன் உத்தமபாளையத்துத் திருவிழாவில் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் யாரோ குனிந்து காதில் சொன்னார்கள். தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிப் போன ஜீப் மலைப்பாதையில் கவிழ்ந்துவிட்டது. ஓட்டிப் போன அவர் மகன் ஒச்சாண்டி உயிரோடு இல்லை. சோணையம்மாளின் முகம் செத்துப்போனதை இம்மானுவேல் மேடையிலிருந்தே பார்த்தார். முகம் செத்த பிறகும் சிரிப்பு சற்று நேரம் நிற்காமல் ஓடியது. இருமிய பிறகுதான் நின்றது. அதன்பின் அவரை எங்கும் காணவில்லை. மகன் பின்னாலேயே போய்ச் சேர்ந்திருப்பார் என்று இம்மானுவேல் நினைத்திருந்தார்.

மறுநாள் காலையில் இருவரும் கோம்பைக்குப் போனார்கள். மகள் பவானி கதவைத் திறந்தாள்.

"அம்மா..." என்று இழுத்தார் இம்மானுவேல்.

"உள்ள மொச்சை உரிச்சுக்கிட்டு இருக்காக. வாங்கண்ணே."

இறந்தவர் சிரிக்கிறார் என்றால் ஜெபம் பண்ணலாம். உயிரோடு இருப்பவரின் சிரிப்புக்கு என்ன செய்வது?

"சிரிப்புக் காட்டிறாதீகண்ணே" என்றாள் பவானி மெதுவாக. "அன்னையிலருந்து அவுகளுக்குச் சிரிப்பே வர்றதில்ல. தொண்டையில தேடிப் பாத்தேன், காணோம்டீங்கிறாக."

செல்போனில் போட்டுக் காட்டினார்கள். சோணையம்மாள் மொச்சை உரிப்பதை நிறுத்தாமல் கேட்டார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"ஏஞ் சிரிப்புதான்யா." காணாமல் போன ஆட்டை அடையாளம் சொல்வது போலச் சொன்னார்.

"இத என்ன செய்யச் சொல்றீக, ஆத்தா?" என்று கேட்டார் இம்மானுவேல்.

"எனக்கு எதுக்கு இனிமே? அங்கனயே கெடக்கட்டும்." பிறகு கையிலிருந்த மொச்சையைக் கீழே வைத்தார். "அது ஒத்தையிலயா சிரிக்குது? கூட ஒரு ஆம்பளச் சிரிப்பு கேக்கலையா? ஒம் பேச்சுன்னா ஒச்சாண்டிக்கும் உசுரு. வண்டியில போட்டுக் கேட்டுக்கிட்டேதான் போவான்."

எத்தனையோ மேடைகளில் கூசாமல் புளுகிய வாய் இம்மானுவேலுடையது. அன்று அதற்கு ஒரு பொய் வரவில்லை.

"ஒத்தையிலதான், ஆத்தா."

சோணையம்மாள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி மொச்சையை எடுத்துக்கொண்டார்.

அந்தம்மா வரமாட்டார் என்று இம்மானுவேல் கம்பெனிக்குச் சொல்லிவிட்டார். அந்தம்மா கையெழுத்துப் போடவில்லையென்றால் இருவரும் தேவையில்லை என்றார்கள் அவர்கள். விஜய்பாண்டி சில வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு தானாகவே மாடி ஏறி வந்தான்.

இப்போதும் பேசுகிறார்கள். இப்போதும் சிரிப்பு முந்திக்கொண்டு வருகிறது. வெளியிடுவதற்கு முன் இம்மானுவேல் தனியாக உட்கார்ந்து முழுவதையும் கேட்கிறார். அந்த இருமலுக்குப் பின்னால், மின்விசிறி இரைச்சலுக்கு அடியில், தடித்த குரலில் இன்னொரு சிரிப்பு இருக்கிறதா என்று தேடுகிறார். இதுவரை இல்லை. ஒருநாள் கேட்டுவிட்டால் கோம்பைக்குப் போன் போடுவதா, அந்த இடத்தை அழித்துவிடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.