குண்டு படாமல் சாகிற சேனை

எங்கள் ஆற்றுக்கு ஒரு முழ அகலம்கூடக் கிடையாது. சாயம் திட்டுத்திட்டாக ஏறிவிட்டதென்று கழித்துப் போட்ட நீலப் பட்டுத் துண்டு அது. பிள்ளையார்பாளையத்தில் டிசைன் அண்ணாவின் கடை மாடியில், பிளைவுட் பலகையின் குறுக்கே அதை விரித்துவிட்டால் ருஷ்யா வந்துவிடும். இந்தக் கரையில் விரலளவு பிரெஞ்சுச் சிப்பாய்கள், அவர்களைத் துரத்திக்கொண்டு பின்னால் ருஷ்யர்கள். அண்ணா இறந்த பிறகு எல்லாவற்றையும் அண்ணி என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பெட்டியைப் பிரிக்க இன்னும் எனக்கு மனம் வரவில்லை.

புடவை பார்டருக்கு யாளியும் மயிலும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பது அவர் தொழில். நெப்போலியன் காலத்துப் போர்கள் அவருக்குப் பித்து. பொம்மைச் சிப்பாய்களை வரவழைத்து, வர்ணம் பூசி, பகடை உருட்டிச் சண்டை போடுகிற ஆட்டத்தில் என்னையும் என் மச்சானையும் இழுத்துவிட்டவர் அவர்தான். நான் கணக்கு வாத்தியார். மச்சான், என் மனைவியின் தம்பி, கூரம் கிராமத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டே கட்சியில் வளர்ந்துகொண்டிருப்பவன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் மூவரும் மாடியேறிவிடுவோம்.

இந்த ஆட்டத்தில் படைப்பட்டியல்தான் எல்லாம். எந்தச் சேனையில் எத்தனை பட்டாளம், எது எவ்வளவு தாக்குப்பிடிக்கும், எதற்கு எத்தனை புள்ளி என்று முதலிலேயே எழுதிவிட வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான் ஆட்டம் ருசிக்கும். ஆனால் வரலாறு யாருக்குச் சமமாகப் பங்கு வைத்தது? மாஸ்கோவிலிருந்து திரும்புகிற பிரெஞ்சுச் சேனைக்கு அண்ணா எழுதிய பட்டியல் அநியாயத்துக்கு உண்மையாக இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் பட்டாளத்துக்கு ஒரு பகடை உருட்ட வேண்டும். எண் குறைந்தால் ஒரு சிப்பாயை எடுத்து ஓரமாகப் படுக்க வைத்துவிட வேண்டும். குளிர், பசி, அவ்வளவுதான். அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

“எதிரி இன்னும் சுடவே இல்ல, இங்க ஆளு செத்துக்கினு கீறான். இன்னா ஆட்டம்ணா இது?” என்று மச்சான் கத்துவான்.

நானும் அவன் பக்கம்தான். தோற்பதற்கென்றே ஒருவன் மாடியேறி வருவானா? பிரெஞ்சுக்காரனுக்கு இரண்டு பட்டாளம் கூட்டலாம், பகடை எண்ணைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டுவேன். அண்ணா பொறுமையாகப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பித் தருவார்.

“நீ சொல்றது நல்லாத்தான் இருக்குது வாத்தியாரே. ஆனா செத்தவன் செத்தவன்தானே? லிஸ்ட்ல கை வெச்சா அப்புறம் இது வெறும் பொம்மைபா.”

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பட்டியல் அப்படியே இருக்கும். பிரெஞ்சுச் சேனையில் கால்வாசி ஆற்றைத் தாண்டினாலே அவர்கள் ஜெயித்ததாக வைத்துக்கொள்ளலாம். அதன்பின் ஆட்டம் சூடுபிடித்தது. அந்த மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்தோம்.

மழை விட்ட பிறகு அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். டயாலிசிஸில் காலம் தள்ளினார். அண்ணி தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்க முன்வந்தார். அண்ணிக்குச் சர்க்கரை இருக்கிறதென்று டாக்டர்கள் மறுத்துவிட்டார்கள். மூளைச்சாவு அடைந்த யாரிடமிருந்தாவது கிடைத்தால்தான் உண்டு என்று பெயரைப் பதிந்து வைத்தோம். அதற்கும் ஒரு பட்டியல் இருந்தது. மாதங்கள் போயின; அவர் முறை வரவில்லை. ஆள் மட்டும் வாராவாரம் குறைந்துகொண்டே வந்தார்.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“மச்சானுக்குப் பெரிய எடத்துல ஆளு இருக்குதில்ல? அந்த லிஸ்ட்ல என் பேரக் கொஞ்சம் மேல ஏத்த முடியுமான்னு கேளேன்பா.”

அவர் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. கேட்பதற்கு அவ்வளவு வெட்கப்பட்டாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

மச்சான் நாயாய் அலைந்தான். சென்னைக்குப் போய் யார் யாரையோ பார்த்துவிட்டு வந்து என் வீட்டு வாசலிலேயே நின்றான். “நடக்காது மாமா. யாரு சொன்னாலும் மாத்த மாட்டாங்களாம். வரிசைப்படிதானாம்.” நேர்மையாக நடக்கிற ஓர் ஆபீஸின் மேல் அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாக ஆத்திரம் வந்தது. எங்கோ ஓர் ஓட்டை இருக்கக் கூடாதா என்று பட்டது.

அடுத்த டயாலிசிஸின்போது பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன்.

“யாருமே கை வெக்க முடியாதாபா?” என்று கேட்டார்.

“முடியாதாம்ணா.”

ரத்தம் ஓடுகிற குழாயைப் பார்த்துக்கொண்டே, “எனக்கு மேல கீறவனும் யாரையாவது கேட்டுக்கினுதான் இருப்பான்” என்றார். “லிஸ்ட் கரெக்டாத்தான் இருக்குது.”

பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அந்த நியாயம் எனக்கு வாணாம் வாத்தியாரே. நான் இருக்கணும்பா.”