அனுமதி இல்லாத அறை

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். 1982இல், திருகோணமலைத் துறைமுகத்தில் கோதுமை இறக்கும் கம்பனியொன்றின் அலுவலகத்தில், பட்டப்பகலில் நடந்தது இது.

மூதூர் அன்ஸார் அங்கே கம்ப்யூட்டர் பார்த்தவன். டிஸ்க் நிறைந்துகொண்டிருந்தது. பின்னேரத்துக்குள் இடம் எடுக்காவிட்டால் கப்பலின் கணக்கைப் பதிய ஏலாது. மெஷினோடு சேர்த்து அவனையும் அனுப்பிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

கம்ப்யூட்டருக்குள் கோப்புகள் அறை அறையாக இருக்கும். எந்த அறை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று கூட்டிச் சொல்ல ஒரு புரோகிராம் உண்டு. அது ஒவ்வோர் அறைக்குள்ளும் நுழைந்து பார்க்கும். நுழைய அனுமதி இல்லாவிட்டால், "அனுமதி இல்லை" என்று முறையிட்டுவிட்டு அந்த அறையை விட்டுவிடும். அதனால்தான் கூட்டுத்தொகை உதைத்தது. டிஸ்க்கில் பாதியை எதுவோ தின்றிருந்தது. எது என்று தெரியவில்லை.

ஒரே ஓர் அறைதான் மறித்தது. சொந்தக்காரரின் பெயர் இல்லை. 19 என்ற இலக்கம் மட்டும். வேலையை விட்டுப்போன யாரோ என்று நினைத்தான்.

மெஷினின் பொறுப்பாளருக்கென்று இருக்கும் தலைமைப் பெயரில் நுழைந்தான். அந்தப் பெயருக்கு மூடிய கதவே கிடையாது. அனுமதியை மாற்றிவிட்டுப் புரோகிராமை ஓட்டினான்.

அனுமதி இல்லை.

அறை மறுபடி பூட்டியிருந்தது. அந்தக் கம்ப்யூட்டருக்கு இருந்ததோ ஒரே கீபோர்ட், அதுவும் அவன் கையில்.

"நாசமாப் போன மெஷின்."

"மெஷினை ஏசாதீங்கோ," என்றாள் பக்கத்துக் கதிரையில் டைப்ரைட்டரில் தட்டிக்கொண்டிருந்த எல்சி. "அது உங்களை ஏசினதே?"

திரும்பவும் திறந்தான். பூட்டிக்கொண்டது.

மூன்றாம் முறையும்...

"அன்ஸார், உங்கட ஆக்கள் ஒரு வீட்டுக்குப் போனா மூண்டு தரம் சலாம் சொல்லுவீங்கள். பதில் வராட்டி?"

"திரும்பி வந்திருவம்."

"பிறகென்ன?"

"இது வீடில்லை, எல்சி. உள்ளுக்கு ஆள் இல்லை."

அறையின் சொந்தக்காரராகத் தன் பெயரையே போட்டான்.

திறந்தது.

உள்ளே ஒரே கோப்பு. ஆங்கில எழுத்தில் தமிழ். ஒரே வரி, லட்சக்கணக்கான தடவை.

ஆர் அது?

ஆர் அது?

பார்த்துக்கொண்டிருக்கும்போதே... இன்னொரு வரி.

அன்ஸார் அழித்தான். இடம் கிடைத்தது. கப்பல் கணக்கு பதிந்தது. வேலை தப்பியது.

அடுத்த கிழமை கொழும்பிலிருந்து மெஷின் பார்க்க இஞ்சினியர் சோமசேகரம் வந்தார். 19 யாருடைய இலக்கம் என்று அன்ஸார் கேட்டான்.

"பத்தொன்பதோ? அது இக்னேசியஸின்ர இலக்கம். உமக்கு முந்தி இந்தக் கதிரையில இருந்தவர். மே மாசம் கப்பல் கட்டுற மேடையால கடலுக்க விழுந்து மூழ்கிப் போனார்."

"அவர்ட பழைய கோப்பாக்கும், சேர்."

"எப்பிடிக் கிடக்கும்? பழைய டிஸ்க்கைக் கழட்டியாச்சு. இது பிறகு, ஆகஸ்ட்டில நானே பெட்டி உடைச்சு மாட்டின புதுசு."