காணாமற் போனவர் என்னைத் தேடுகிறார்

போன வாரம் வியாழக்கிழமை காலை எனக்கு ஒரு மெயில் வந்தது.

"உங்களைச் சில நாட்களாகக் காணவில்லை. எங்கே போய்விட்டீர்கள்? ஏதாவது பிரச்சினையா? தயங்காமல் ஒரு வரி எழுதுங்கள். – ரமணன்."

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ரமணன் சேர் எனக்கு இணையத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவர். மாணவியைக் காணவில்லை என்றால் விசாரிக்கத்தானே வேண்டும்?

விசாரிக்கலாம். ஆனால் காணாமற் போனது நான் இல்லை. அவர்.

கொட்டாஞ்சேனையில், தன் வீட்டுக்குப் பக்கத்துச் சந்தியில், பாண் வாங்கப் போனவரை ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு மாதமாகிறது. பத்தி எழுதுகிறவள் காதில் இப்படியான செய்திகள் எப்படியும் விழும். யார் ஏற்றினார்கள்? அதை எழுதினால் இந்தப் பத்தி வராது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விடுங்கள்.

இந்த வயதில் எனக்கு எதற்கு ஆங்கில வகுப்பு? பகல் வேலை பார்க்கும் கந்தோரில் புதிதாக வந்த மனேஜருக்குக் கடிதமெல்லாம் ஆங்கிலத்தில் வேண்டுமாம். பின்னேர வகுப்புக்குப் போகலாமென்றால், போய்த் திரும்புவதற்குள் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டியே கை வலித்துவிடும். பிள்ளைகளைப் பெற்றவர்கள் வகுப்புக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். இதைப் பார்த்து பம்பலப்பிட்டியில் ஒரு நிறுவனம் கடையை இணையத்துக்கு மாற்றியது. வீட்டிலிருந்தே பாதுகாப்பாகப் படியுங்கள் என்றது. சேர்ந்தேன்.

முதலில் எனக்குக் கிடைத்த ஆசிரியர் வேறொருவர். "அன்பின் மாணவருக்கு" என்று தொடங்குவார். கேள்வி கேட்டால் பாடத்தின் பக்க எண்ணை அனுப்புவார். பக்கத்தைப் பார்த்தும் விளங்கவில்லை என்று எழுதினால்... அதே பக்க எண்ணை மறுபடி அனுப்புவார். மெயிலுக்கு அந்தப் பக்கத்தில் ஆள் இருக்கிறாரா, இல்லையா என்றே எனக்குச் சந்தேகம். அவர் சுகமாக இருக்கிறாராம். இருக்கட்டும்.

பிறகுதான் ரமணன் சேர். அவர் பதில் எழுதுவார். கேட்டதற்குப் பதில். ஒருமுறை, பணம் தராத ஒரு கம்பனிக்கு நான் எழுதிய பயிற்சிக் கடிதத்தைத் திருத்திவிட்டுக் கீழே இப்படி எழுதியிருந்தார்: "இலக்கணம் சரி. ஆனால் இந்தக் கடிதம் கிடைத்தால் அந்த மனிசன் நாட்டை விட்டே ஓடிவிடும். கொஞ்சம் தண்ணி ஊத்துங்கோ." வாய்விட்டுச் சிரித்தேன். என்னைத் திருத்தலாம் என்று நினைத்த ஆட்கள் குறைவு.

இன்னொன்றும் செய்தார். பாடங்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே குரலில் பதிந்து, எந்தெந்தக் கிழமை எது போகவேண்டும் என்று கொம்பியூட்டரில் ஒழுங்குபண்ணி வைத்தார். கரண்ட் போகும், லைன் போகும், வீடு வீடாகத் தேடுதல் நடக்கும். பிள்ளைகள் பாடத்துக்குக் காத்திருக்கக்கூடாது என்றார்.

பிள்ளைகள் காத்திருக்கவில்லை. அவர் போன பிறகும் பாடம் வந்துகொண்டே இருந்தது.

ஒன்றைத் திறந்தேன். "வணக்கம். இண்டைக்கு இஞ்ச நல்ல மழை" என்றது அவர் குரல். யன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பாடத்தின் நடுவில், தூரத்தில், ஒரு பெண்குரல்: "தேத்தண்ணி ஆறுது." அவர் ஒரு வினாடி நின்று, "வாறன்" என்றுவிட்டுத் தொடர்ந்தார்.

மூடிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அதனால்தான் வியாழக்கிழமை அவர் என்னைத் தேடி எழுதினார்.

நிறுவனத்துக்கு போன் எடுத்தேன். அங்கே மனேஜராக இருக்கிற தம்பி பதற்றமே இல்லாமல் விளக்கினார். கொஞ்ச நாள் உள்ளே வராதவர்களுக்கு அந்த மெயில் தானாகப் போகுமாம். ஆசிரியரின் பெயரும் தானாக விழுமாம். பெயரையாவது எடுங்கள் என்றேன். எடுத்தால் மாணவர்கள் ஏன் என்று கேட்பார்கள், பயந்துவிடுவார்கள் என்றார். அப்படியானால் மாணவர்களுக்கு இன்னும் சொல்லவில்லையா?

"ஒருத்தரும் கொம்ப்ளெயின் பண்ணேல்லையே, மிஸ்."

நான் சொன்ன பதிலுக்குத் தண்ணி ஊற்றவில்லை.

சனிக்கிழமை வெள்ளவத்தையில் என் வீட்டுக் கதவை ஒரு பெண் தட்டினாள். கையில் சின்ன மகள். "அக்கா, உள்ளுக்கு வரலாமோ?" என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை. தேநீர் ஆறுகிறது என்று சொன்ன குரல் அது.

பெயர் வத்சலா. அவரைக் கொண்டுபோன அன்று உறவினர்கள் கூடி, சத்தம் போடாதே, பொலிசுக்குப் போனால் கொண்டுபோனவர்கள் கோபத்தில் ஏதாவது செய்துவிடுவார்கள், பொறு என்றிருக்கிறார்கள். பொறுத்தாள். அதற்குள் ஒரு மாணவன், "சேர் எனக்கு மெயில் போட்டிருக்கிறார்" என்று சொல்லிவிட்டான். வியாழக்கிழமை நான் அவனிடமும் விசாரித்திருந்தேன்; எனக்கும் வந்தது என்று அவன் மூலம் கேள்விப்பட்டு என்னிடம் வந்திருக்கிறாள்.

முகத்தில் நான் எதிர்பார்த்த கண்ணீர் இல்லை. ஒரு தெளிவு இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அவரைக் கொம்பியூட்டருக்கு முன்னால இருக்க விட்டிருக்கினம் எண்டால், சாப்பாடும் குடுப்பினம்தானே அக்கா?"

நான் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். அது அவர் எழுதவில்லை, மெசின் அனுப்புகிறது என்றேன்.

"மெசினுக்கு உங்களைக் காணேல்லை எண்டு எப்பிடித் தெரியும்?"

நல்ல கேள்வி. எங்களைக் காணவில்லை என்று இந்த ஊரில் எந்த மனிதனுக்கும் தெரிவதில்லை, மெசினுக்குத் தெரிகிறது. எப்படி விளக்க? வாயால் முடியவில்லை. காட்டத்தான் வேண்டும் என்று நினைத்தேன். கொம்பியூட்டரைப் போட்டு, புதிய மாணவி என்று அவள் பெயரைப் பதிந்தேன். வத்சலா ரமணன்.

நான் விசையிலிருந்து விரலைக்கூட எடுக்கவில்லை. மெயில் வந்துவிட்டது.

"அன்புள்ள வத்சலா, வணக்கம். உங்களை அறிந்துகொள்வதில் மகிழ்ச்சி. முதற்பயிற்சியாக உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். எந்த ஊர்? வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்? – ரமணன்."

அவள் வாசித்தாள். மறுபடி வாசித்தாள். மகள் மேசைமேல் இருந்த பேனையை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அவர் என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை அக்கா. இஞ்சாரும் எண்டுதான்..."

பிறகு மெதுவாக, எனக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல், சொன்னாள்.

"அப்ப இவ்வளவு நாளும் அவர் சுகமா இருக்கிறார் எண்டு நினைச்சு, நான் ஒருதரிட்டயும் போய்க் கேக்கேல்லை."

எனக்கு உறைத்தது அப்போதுதான். அந்த மெசின் பேய் மாதிரிப் பேசியது பெரிதில்லை. தேடவேண்டிய ஒரே ஆளை அது வீட்டில் இருத்தி வைத்துவிட்டது.

திங்கட்கிழமை இருவரும் பொலிசுக்குப் போனோம். நிலையத்தின் பெயர் வேண்டாம். அதிகாரி மரியாதையானவர், நாற்காலி தந்தார். என் அரைகுறைச் சிங்களத்தில் எல்லாம் சொன்னேன். எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டு, எங்கள் முன்னாலேயே நிறுவனத்துக்கு போன் எடுத்தார். மனேஜர் தம்பி என்ன சொன்னாரோ, கேட்கவில்லை. பயந்திருப்பார். அதிகாரி தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தார்.

பாடங்கள் ஒழுங்காக நடக்கின்றனவாம். போன கிழமைகூட மாணவர்களுக்கு எழுதியிருக்கிறாராம். அப்படிப்பட்டவரைக் காணவில்லை என்று எப்படி எழுதுவது நோனா, வீட்டில் ஏதும் சண்டையா என்று வத்சலாவைப் பார்த்துக் கேட்டார்.

நான் கத்தினேன். அது மெசின் என்றேன். மெசின் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார். சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

முறைப்பாடு எழுதப்படவில்லை. வெளியே வந்ததும் வத்சலா, "நாளைக்கும் வருவம் அக்கா" என்றாள். அடுத்த நாளும் போனோம். இந்த வாரம் முழுக்கப் போனோம். நாற்காலி கிடைக்கிறது.

வகுப்பு நடத்துவது என்றால் என்ன? பாடம் அனுப்புவதா? அதை எந்த இயந்திரமும் செய்யும். பெயர் போட்டு அன்பாக விசாரிப்பதா? அதையும் செய்யும். நாங்கள் கேட்ட கேள்விக்கு, நாங்கள் கேட்டது விளங்கி, ஒரு பதில் வரவேண்டும். அது வந்தால்தான் அந்தப் பக்கத்தில் ஆள் இருக்கிறார்.

அந்த வகுப்பில் படிக்கிறவர்கள் இந்தப் பத்தியை வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு மாதத்தில் அவரிடம் ஏதாவது கேட்டிருப்பீர்கள். பதில் வந்திருக்காது. பிஸியாக இருப்பார் என்று நினைத்திருப்பீர்கள். வருகிற திங்கட்கிழமை எங்களோடு பொலிசுக்கு வாருங்கள். அந்த அதிகாரியிடம் அதைச் சொல்லுங்கள்.

ரமணன் சேர் பதில் எழுதாமல் விடுகிற மனிதர் இல்லை... அதை எழுதி ஒப்பம் வைக்க எத்தனை பேர் வருவீர்கள்?