பாதி மண் அணைத்த பாத்தி

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்தில் பாதி மரங்களைச் சீவாமல் போட்டுவிட்ட வருடம் அது. மலாயாவில் ஸ்கூடாய் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், அரிசி போதவில்லை என்று ஆட்கள் முறையிட்டபோது, அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலிருந்த சரிவைத் துரை காட்டிவிட்டார். வேண்டியவர்கள் கொத்திப் பயிர் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் இறங்கியவள் கருப்பாயி. முப்பது வயது இருக்கும். கணவன் மலைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. லாலான் புல்லை வேரோடு பெயர்த்து, மேட்டுப் பாத்தி போட்டு, சர்க்கரைவள்ளிக் கொடியை நட்டாள். கூட வந்தவள் அடுத்த வீட்டுச் செல்லம். இருவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். கடலில் கருப்பாயி வாந்தியெடுத்துக் கிடந்தபோது தலையைப் பிடித்துக்கொண்டவள் செல்லம். செல்லத்தின் புருஷன் அர்ச்சுனனுக்கு நெஞ்சுச் சளி. பத்து மரம் சீவுவதற்குள் உட்கார்ந்துவிடுவான். அவன் வேலையும் செல்லத்தின் தலையில் விழும்; அதனால் பாத்தியில் பெரும்பகுதி உழைப்பு கருப்பாயியுடையது. விளைவதில் ஆளுக்குப் பாதி என்று பேச்சு.

அந்த ஊர் மழை பாத்தியைச் சும்மா விடாது. ஒரு மழை பெய்தால் மேட்டின் தோளில் மண் கரைந்து இறங்கிவிடும். கிழங்கு பருக்கப் பருக்க மேடும் வெடிக்கும். வெடிப்பை அப்படியே விட்டால் வண்டு உள்ளே போய்க் கிழங்கைத் துளைத்துவிடும். அதனால் மழை விட்டதும், கொடியை ஒரு பக்கமாகத் தூக்கிப் போட்டு, பள்ளத்து மண்ணை அள்ளி மேட்டோடு அணைக்க வேண்டும். கருப்பாயி மண்வெட்டியால் இழுத்த பிறகு இரண்டு கையாலும் அழுத்திவிடுவாள்.

அன்று மதியம் ரப்பர்ப் பால் அளந்துவிட்டு வந்து இருவரும் அந்த வேலையில்தான் இருந்தார்கள். மணியம் கங்காணி சரிவின் உச்சியில் வந்து நின்றார்.

"கருப்பாயி, சாமானெல்லாம் கட்டி வச்சுக்க. வெள்ளிக்கிழமை லாரி வருது. ஊருக்குக் கப்பல்."

கருப்பாயிக்கு விளங்கவில்லை. "யாருக்குங்க?"

"உனக்குத்தான். ஆள் கொறைக்கச் சொல்லிட்டாரு தொரை."

"நான் கேக்கலியே கங்காணி! ஊர்ல எனக்கு யார் இருக்கா? ஆத்தாவும் போயிட்டா. அங்க போயி எந்த வாசல்ல நிப்பேன்?"

கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "நீதான் அழுதுக்கிட்டுக் கெடக்கியாம், ஊருக்கு அனுப்பிடுங்கன்னு. செல்லம் வந்து சொல்லுச்சு."

கருப்பாயி திரும்பிப் பார்த்தாள். செல்லம் நிமிரவில்லை. அணைத்து முடித்த மண்ணையே அவள் கை திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தது.

கருப்பாயி அப்படிச் சொன்னது பொய்யில்லை. கணவனைப் புதைத்துவிட்டு வந்த அன்று, செல்லத்தின் மடியில் படுத்து, "இனி எனக்கு இங்க என்ன இருக்கு, என்னை ஊருக்கே அனுப்பிடச் சொல்லுடி" என்று கதறியிருந்தாள். வேறு யாரும் அதைக் கேட்டதில்லை. மறு மாதமே மனம் தேறி இந்தச் சரிவில் இறங்கினாள் என்பதும், ஊரில் தாய் செத்த சேதியும் செல்லத்துக்குத் தெரியும்.

"செல்லம், என்னைப் பாரு. நீயா சொன்ன?"

"அக்கா..." என்றாள் செல்லம்.

பாத்தியில் பாதிதான் அணைத்திருந்தது. மீதி வெடித்தபடி கிடந்தது. கருப்பாயி மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டுக் கை கழுவப் போனாள். அன்றிரவு அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. செல்லம் கஞ்சி கொண்டுவந்து வாசலில் வைத்தாள். காலையில் அது ஆறிப்போய் அங்கேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை லாரி வந்தபோது கருப்பாயி லயத்தில் இல்லை. துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, செம்மண் பாதையில் கெலாங் பாத்தாவை நோக்கி நடந்துவிட்டிருந்தாள். வழியில் ஒரு சீனக் குடும்பத்தின் காய்கறித் தோட்டம். வீட்டுக்காரி நிறைமாதக்காரி, குனிந்து களை பறிக்க முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கருப்பாயி மூட்டையை இறக்கிவிட்டு, கேட்காமலே பாத்திக்குள் இறங்கினாள். சாயங்காலம் சோறு கிடைத்தது. படுக்கக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு சாய்ப்பும் கிடைத்தது. பிள்ளை பிறந்து தவழ்ந்த பிறகும் யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை.

ரப்பர் விலை ஏறியதும் எஸ்டேட்டில் மறுபடி ஆள் சேர்த்தார்கள். கருப்பாயி போகவில்லை. அப்போதுதான் ஒருநாள் செல்லம் விசாரித்துக்கொண்டு அங்கே வந்தாள். நெற்றியில் பொட்டில்லை. அர்ச்சுனன் போன மழைக்காலத்தில் இறந்துவிட்டானாம்.

"அவர அனுப்பறதா இருந்தாங்கக்கா. கப்பல்லயே செத்துருவாரு. வேற யாராச்சும் போறேன்னா விட்டுடறேன்னாரு கங்காணி. எனக்கு வேற வழி தெரியல."

கருப்பாயி கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். "எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே. அவருக்காகன்னா நானே போறேன்னு சொல்லியிருப்பேனோ என்னவோ. நான் உன் மடியில அழுததக் கொண்டுபோயி அங்க குடுத்தியே, செல்லம்."

செல்லம் அழுதாள். கருப்பாயி ஒரு குவளைத் தேநீர் கொடுத்தாள்; குடிக்கும்வரை நின்றாள். வழியனுப்பச் சாலைவரை போகவில்லை. செல்லம் மறுபடி வரவுமில்லை.

கருப்பாயி அந்தத் தோட்டத்திலேயே இருந்துவிட்டாள். அவளுக்கும் சீன வீட்டுக்காரிக்கும் பொதுவாகத் தெரிந்தது சந்தையில் பேசும் மலாய் மட்டும். மழை, எரு, பிள்ளையின் இருமல், இன்றைக்கு எதைப் பிடுங்குவது என்பதைப் பேச அது போதும். சில நாள் கருப்பாயியின் முகம் வாடியிருப்பதைப் பார்த்து வீட்டுக்காரி என்னவென்று கேட்பாள்.

"தாப்பா, தாப்பா," பரவாயில்லை என்று மலாயில் சொல்வாள் கருப்பாயி, கூடையை எடுத்துக்கொண்டே.