இருநூறு சேலைக்கு ஒரு தலை

1998இல் பாண்டி பஜாரில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து அஃப்சருன்னிசா படங்களை இளைக்க வைத்துக்கொண்டிருந்தாள். தொழிலே அதுதான். இணையப் பக்கத்தில் போடும் படம் கனமாக இருந்தால், தொலைபேசிக் கம்பி வழியாக மயிலாப்பூர்த் தேர் மாதிரி நின்று நின்றுதான் வரும். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் அதன் கனத்தைக் குறைக்க வேண்டும். மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்த எனக்கு, படத்துக்குக் கீழே இரண்டு வரி ஆங்கிலம் எழுதும் வேலை. அவள் வேலை உருப்படியானது.

அதற்கு முன் எட்டு வருடம் ஒரு ஸ்டூடியோவில் கல்யாணப் பெண்களின் முகப்பருவை அழித்தவள். "பாதி மயிலாப்பூருக்குக் கல்யாணம் ஆனதே என்னாலதான்" என்பாள். வெள்ளைத்துரையின் பட்டுக்கடை வேலை கிடைத்தால் இருநூறு சேலைப் படம், ஒரு வருடத்துக்குக் கவலையில்லை. கிடைக்காவிட்டால் மறுபடி முகப்பரு.

வெள்ளைத்துரை தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தன் கடை மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் எங்களை உட்காரவைத்தார். இணையத்துக்கு அவரிடம் ஒரே சட்டம்தான்.

"கடையில ஆளு உக்காந்ததும் கலர் சொல்லுவோம். கலர் வாரதுக்குள்ள சேலைய விரிச்சிரணும். இதுக்கும் அதேதான்."

மணியை அடித்தார். மண்ணாங்கட்டி என்ற ஐம்பது வயது ஊழியர் கலர், அதாவது குளிர்பானம், வாங்கக் கீழே இறங்கினார். மாதிரிக்கு நாங்கள் இணையத்தில் ஏற்றியிருந்த முதல் படம் மேலிருந்து கீழாகத் திரையில் இறங்க ஆரம்பித்தது. சேலை கட்டி நின்றது வெள்ளைத்துரையின் மனைவி சுந்தரவல்லி. முதலில் மல்லிகைப்பூ வந்தது. பிறகு நெற்றி. பிறகு மூக்குத்தி. மேலுதடு வரும்போது மண்ணாங்கட்டி கலருடன் வந்துவிட்டார்.

"சேலை எங்கம்மா? நான் என்ன, எம் பொண்டாட்டி மூஞ்சியவா விக்கேன்? நாளைக்கு ஒரு தடவ பாப்போம். அதோட சரி."

அறைக்குத் திரும்பி அன்று முழுக்க அஃப்சருன்னிசா அந்தப் படத்தோடு மல்லுக்கட்டினாள். தரத்தைக் குறைத்தால் சரிகை உப்புமாவாக உதிர்ந்தது. நிறங்களைக் குறைத்தால் அரக்கு பீட்ரூட் ஆனது. பின்னாலிருந்த குரோட்டன்ஸ் தொட்டிகளை அழித்து ஒரே நீலமாகப் பூசினாள். "சும்மா கீற எடத்துக்கு வெயிட்டு கம்மி" என்றாள். பாதி இளைத்தது. போதவில்லை. சேலையில் கைவைக்க முடியாது. மிச்சமிருந்தது தலைதான்.

"அக்கா, அது முதலாளியம்மா தலை!"

"இன்னா இப்போ? தலைமேல சேலையா கீது?"

"உங்க தலைமேல இருக்கே."

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கழுத்தோடு வெட்டினாள்.

மறுநாள் மண்ணாங்கட்டியின் செருப்புச் சத்தம் படியில் அடங்குவதற்குள் சேலை முழுக்க வந்துவிட்டது. சிக்கல் என்னவென்றால், கூடவே சுந்தரவல்லியும் வந்து நின்றிருந்தார்.

வெள்ளைத்துரை திரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"ஏம்மா, தலை எங்க?"

"நேத்து நீங்கதான சார் கேட்டீங்க, பொண்டாட்டி மூஞ்சியவா விக்கிறேன்னு?"

"அப்படியா கேட்டீக?" என்றார் சுந்தரவல்லி. வெள்ளைத்துரை மின்விசிறியை ஆராய்ந்தார்.

அஃப்சருன்னிசா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இனி அந்த அம்மாள் என்ன சொல்கிறாரோ அதுதான்.

சுந்தரவல்லி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்தார். அவசரமே இல்லாமல் பார்த்தார்.

"தலை போனா போட்டும். நாந்தான்னு எங்க நாத்தனாருக்குத் தெரியாதுல்லா. ஏ பிள்ள, படத்த இளைக்க வைக்கவ நீதான?"

"ஆமாம்மா."

"அப்ப இடுப்ப மட்டும் ஏன் விட்டுட்ட?"

அஃப்சருன்னிசா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். இடப்பக்கம் இரண்டு விரல், வலப்பக்கம் இரண்டு விரல், இடுப்பை உள்ளே தள்ளினாள்.

"இன்னுங் கொஞ்சம்" என்றார் சுந்தரவல்லி.

"ஏய், முந்தி டிசைன் போயிரப் போவுது!" என்று வெள்ளைத்துரை பதறினார்.

"நீங்க சும்மா கெடங்க. மத்த நூத்தித் தொண்ணூத்தொம்பதையும் இந்தப் பிள்ளகிட்டயே குடுங்க."